‘டக் டக்’ என்றால் ஆங்கிலத்தில் என்ன?

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை நமது மோட்டார் வண்டி பேச ஆரம்பித்தது. பத்து வருஷம் உழைத்த ஜப்பானிய வண்டி அது; அதுவரையில் வாய் திறந்ததில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குத் திருப்பும்போது முன்பக்கத்தில் எங்கோ ‘டக், டக், டக்’ என்றது. நேராகப் போனால் மௌனம். மறுபடி திருப்பினால் மறுபடி டக், டக். பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் அதற்குத் தாளம் போட்டார்கள். நமக்குத் தாளம் போடத் தோன்றவில்லை.

லண்டனில் குடியேறிய புதிதில், தேசாந்தரம் வந்தவனுக்குச் சிரமம் என்றால் அது சாப்பாட்டிலும் குளிரிலும்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தோம். சாப்பாடு ஒரு சிரமமே அல்ல. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் கறிவேப்பிலை முதல் கருவாடு வரையில் சகலமும் கிடைக்கின்றன. குளிருக்குக் கம்பளி இருக்கிறது. ஆனால் உடம்புக்கு வரும் நோயையும் வண்டிக்கு வரும் நோயையும் அந்நிய பாஷையில் விவரிப்பது இருக்கிறதே, அதுதான் சிரமம். இவ்விரண்டில் உடம்பு எவ்வளவோ தேவலை. வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டாவது காட்டலாம்.

வீட்டுக்கு அருகில் ஆங்கிலேயர் ஒருவரின் பட்டறை இருந்தது. போனோம். “என்ன மாதிரியான சத்தம்?” என்று கேட்டார். நாம் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கவிதைகளின் ஓசை நயத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவர். பாரத தேசம் 1947-ஆம் வருஷத்திலேயே சுதந்திரம் பெற்றுவிட்டது. நம் நாக்குக்கு மட்டும் அந்தச் சமாசாரம் இன்னும் எட்டவில்லை போலும். அது அந்தச் சமயம் பார்த்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவைத் தட்டுகிற சத்தம் என்று எண்ணி, ‘நாக்கிங்’ என்றோம். அவர் தலையை ஆட்டினார். நமக்கும் மகா திருப்தி. ஷேக்ஸ்பியர் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகுதான் தெரிந்தது. மோட்டார்த் தொழிலில் ‘நாக்கிங்’ என்பது எஞ்சினுக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் வேளை தப்பி வெடிப்பதால் எழும் சத்தத்துக்கு வைத்த பெயராம். ஆகவே அவர் எஞ்சினைத் திறந்தார், நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார், உயர்ந்த ரகப் பெட்ரோல் போடும்படி புத்திமதி சொன்னார், 140 பவுனுக்கு ரசீது எழுதினார். அவர் நாணயஸ்தர். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. கேட்ட நோய்க்கு மருந்து கொடுத்தார். நோயின் பெயரைத் தவறாகச் சொன்னது நாம். வாசலுக்கு வந்து வண்டியைத் திருப்பினோம். டக், டக், டக்.

இந்த இடத்தில் நமது பாஷையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓசையை ஓசையாகவே சொல்லிவிடும் சௌகரியம் தமிழுக்கு இருப்பதுபோல் வேறு எத்தனை பாஷைகளுக்கு இருக்கும் என்று தெரியாது. இரட்டைக்கிளவி என்று இலக்கணத்தில் நாம் மனப்பாடம் செய்த விஷயம் மோட்டார்ப் பட்டறையில் உயிரோடு உலவுகிறது. பிரேக்கை அமுக்கினால் ‘கிறீச்’ என்கிறதா? பிரேக்கின் தேய்கட்டை மெலிந்துவிட்டது. அதைத் தெரிவிப்பதற்கென்றே வைத்திருக்கும் சிறு தகடு வட்டத்தில் உராய்கிறது. அது ‘கரகர’ என்று மாறிவிட்டதா? கட்டை முழுதும் போய் இரும்பும் இரும்பும் அரைபடுகின்றன. அதற்குமேல் ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. வேகம் கூடக் கூட வண்டு ரீங்காரமிடுவது போன்ற முனகலும் கூடுகிறதா? சக்கரத்தின் பேரிங். மேடு பள்ளத்தில் மட்டும் ‘லொடக் லொடக்’ என்றால் ஸ்பிரிங்கைச் சேர்ந்த மூட்டுகளும் ரப்பர்களும். திருப்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால், எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சின் கடைசி மூட்டு. அதைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் சிந்தி, மண் புகுந்துவிட்டது என்று அர்த்தம். காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ இதைச் சொல்லியிருந்தால், பட்டறைப் பையன் வண்டியைப் பார்க்காமலே நோயைச் சொல்லியிருப்பான்.

எனவே தமிழ் தெரிந்த மெக்கானிக்கைத் தேடப் புறப்பட்டோம்.

தேடுகிறவனுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. 1983-ஆம் வருஷத்துக் கொடுமைகளுக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழ் இளைஞர்களில் பலர் பெட்ரோல் பங்குகளில் இரவு வேலை பார்த்து வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் பங்கிலிருந்து பட்டறைக்கு நகர்ந்தார்கள். நம் நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. மேனர் பார்க் முருகன் கோவில் வாசலில் நின்று, “நல்ல மெக்கானிக் யார்?” என்று கேட்டால், பிரசாதம் தின்று முடிப்பதற்குள் நாலு பெயர் கிடைக்கும். நாலும் சிபார்சு செய்பவரின் சகலைக்கோ சிநேகிதருக்கோ சொந்தமாக இருக்கும்.

நாம் முதலில் போனது நம் ஜில்லாக்காரர் ஒருவரிடம். பெயர் வேண்டாம். “வாங்க சார், எந்த ஊரு?” என்றார். ஊரைச் சொன்னதும் தேநீர் வந்தது. நமது ஊர்த் தேரைப் பற்றிக் கால்மணி பேசினார். ‘டக் டக்’ என்று ஆரம்பித்தோம்; முடிக்க விடவில்லை. “அச்சு மூட்டு சார்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாம் அவருக்கு அடிமையாகிவிட்டோம். அடிமை கணக்குக் கேட்பானா? மூட்டோடு முன் பிரேக்குக் கட்டைகளும் தேய்ந்துவிட்டன, அவற்றையும் மாற்றிவிடுவதே க்ஷேமம் என்றார். சரி என்றோம். மாலையில் 320 பவுன் என்றார். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ரசீது என்று வாய்க்குள் முனகினோம். அவர் நம் தோளில் கை வைத்து, “நமக்குள்ள எதுக்கு சார் சீட்டு?” என்றார்.

நேயர்கள் நம்மைப் பரிகசிக்கலாம். ஆங்கிலேயரிடம் ரசீது கேட்க நமக்குக் கூச்சம் இருந்ததில்லை. கேட்பதற்கு முன்பே அவர் கொடுத்தார். நமது ஊர்த் தேரைப் பற்றிப் பேசிய மனிதரிடம் கேட்பதற்கு வாய் வரவில்லை. அந்நியரிடம் வார்த்தை இல்லாமல் பணத்தை இழந்தோம். நம்மவரிடம் வார்த்தை இருந்தும், கேட்க வெட்கப்பட்டு இழந்தோம். இரண்டாவது நஷ்டத்துக்கு அகராதியில் பரிகாரம் கிடையாது.

நஷ்டம் தெரிந்தது இரண்டு மாதம் கழித்துத்தான். இந்நாட்டில் மூன்று வயது நிரம்பிய ஒவ்வொரு மோட்டாரையும் வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சைக்கு அனுப்ப வேண்டும். ‘எம்.ஓ.டி.’ என்று அதற்குப் பெயர். எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் என்பவர் போக்குவரத்து மந்திரியாக இருந்த 1960-ஆம் வருஷத்தில், பத்து வயதான வண்டிகளுக்கென்று இதை ஆரம்பித்தார்கள். 1967-ல் அந்த வயதை மூன்றாக இறக்கினார்கள். 2018 முதல் குறைகளை ‘அபாயம்’, ‘பெருங்குறை’, ‘சிறு குறை’ என்று தரம் பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி பெயில். உபாத்தியாயரான நமக்கு இந்த ஏற்பாட்டில் தனிப் பிரியம் உண்டு.

பரீட்சை செய்கிற பட்டறையே ரிப்பேரும் செய்வதுதான் சாதாரண வழக்கம். குறை கண்டுபிடித்தால் வேலை கிடைக்கும் என்கிற சபலம் அங்கே இருக்கத்தானே செய்யும்? ஆனால் சில நகரசபைகள் தங்கள் குப்பை லாரிகளுக்காக வைத்திருக்கும் பரீட்சை நிலையங்களில் பொது ஜனங்களின் வண்டிகளையும் பார்க்கிறார்கள். அங்கே பரீட்சை மட்டும்தான், ரிப்பேர் இல்லை. குறை சொல்லி அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட இடம் ஒன்றுக்குப் போனோம். பரீட்சகர் சக்கரத்தின் இடுக்கில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். பிரேக்குக் கட்டை 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெருங்குறை. நம் வண்டியில் முன் சக்கரங்கள் இரண்டிலும் அதற்கும் கீழே. இரண்டு மாதத்துக்கு முன் மாற்றியதாக நாம் பணம் கொடுத்த கட்டைகள் அவை.

அந்த இரண்டு மாதமும் அதே வண்டியில், அதே பிரேக்கை நம்பி, குழந்தைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு மழையிலும் பனியிலும் ஓட்டியிருக்கிறோம். பணத்தை மறந்துவிடலாம். இதை நினைத்தால் இன்றும் ராத்திரியில் விழித்துக்கொள்கிறோம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம்.

ஜில்லாக்காரரிடம் போய்க் கேட்டோம். “மாத்தினோமே சார்! நீங்க ரொம்ப அழுத்தி ஓட்டுவீங்களோ?” என்றார். இந்நாட்டில் 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தொழில் தெரிந்தவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மறுபடி செய்து கொடுக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. அழகான சட்டம். ஆனால் என்ன வேலை பேசினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு நம் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை. தேநீருக்குச் சாட்சி இருந்தது, வேலைக்கு இல்லை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் நம் காதில் விழுந்தது. எம்.ஓ.டி. பரீட்சகருக்கு அரசாங்க அனுமதி வேண்டும். ஆனால் சாதாரணமாக ரிப்பேர்ப் பட்டறை வைப்பதற்கோ, மெக்கானிக் என்று பலகை தொங்கவிடுவதற்கோ இங்கே அரசாங்க லைசென்சு எதுவும் வேண்டியதில்லையாம். இத்தனை சட்டதிட்டங்கள் உள்ள நாட்டில் இப்படி ஒரு சந்து!

இரண்டாவது மனிதரைப் பற்றிச் சொன்னவர் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். அவர் சிபார்சு செய்த முறை வேறாக இருந்தது. “நல்லவர், கெட்டவர் எண்டெல்லாம் எனக்குத் தெரியாது, தம்பி. ரெண்டு தரம் என்ர வானைப் பார்த்துப்போட்டு, ஒண்டும் இல்லை, கொண்டு போங்கோ எண்டு காசு வாங்காமல் அனுப்பினவர்” என்றார். மெக்கானிக்குக்கு இதைவிட உயர்ந்த நற்சாட்சிப் பத்திரத்தை நாம் கேட்டதில்லை.

அவருடைய பட்டறை ரயில் பாலத்துக்குக் கீழே, செங்கல் வளைவு ஒன்றில் இருந்தது. லண்டனில் ரயில்கள் பல இடங்களில் உயரமான வளைவுகளின் மேல் ஓடுகின்றன. அந்த வளைவுகளுக்குள் மோட்டார்ப் பட்டறைகள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. 2019-ல் ரயில் நிர்வாகத்தார் சுமார் 5,200 இடங்களை 146 கோடிப் பவுனுக்குத் தனியார் வசம் மாற்றிவிட்டார்கள். வாடகை ஏறுமே என்று சிறு தொழிலாளர்கள் கூக்குரலிட்டது அப்போது பத்திரிகைகளில் வந்தது. தலைக்கு மேல் ரயில் போனால் பேச்சை நிறுத்திக்கொண்டு, போனபிறகு தொடர்வது அந்த இடத்து மரியாதை.

“வாங்கோ மாஸ்டர். என்ன பிழை?” என்றார் அவர். பரீட்சைத் தாளில் சிவப்பு மசியால் சுழிப்பதற்குத்தான் பிழை என்று பெயர் என்று நினைத்திருந்த நமக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்தார் ‘கதைக்கிறோம்’ என்றால் பேசுகிறோம் என்று அர்த்தம்; நம் ஊரில் கதைப்பவனை நம்ப மாட்டார்கள். நம் டயர் அவருக்கு ‘ரயர்’. நம் ரிப்பேர் அவருக்குத் ‘திருத்தம்’. ஒரே பாஷைக்குள் இத்தனை வித்தியாசம் இருந்தும், ‘கிறீச்’ கிறீச்சாகவும் ‘லொடக்’ லொடக்காகவும்தான் இருந்தன.

தேநீர் வரவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டினார். ரேடியோவை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார், சுவரோரமாக மெதுவாகப் போனார். சத்தம் சுவரில் மோதித் திரும்பிக் காதில் விழுமாம். பிறகு ஒரு தாளை எடுத்து என்ன வேலை, என்ன சாமான், சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதினார். “இதுக்கு மேலை வந்தால் கை வைக்கிறதுக்கு முதல் ரெலிபோன் எடுப்பன்” என்றார். பின் பிரேக்கையும் பார்த்துவிடச் சொன்னோம். பார்த்துவிட்டு, “இப்ப தேவையில்லை. இன்னும் ஒரு வருஷம் ஓடும்” என்றார்.

சாயங்காலம் போனபோது கழற்றின பழைய கட்டைகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். எல்லாச் சாமானையும் இப்படிக் கையில் கொடுக்க முடியாதாம். டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவற்றில் பழையதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால்தான் புதியது சகாய விலைக்குக் கிடைக்கும். “ஆனால் பாக்கிறதுக்குக் காசில்லைத்தானே, மாஸ்டர்?” என்றார். பெட்டியின் மேல் ரசீது இருந்தது. நாம் அதைக் கேட்டிருக்கவில்லை. எதற்காகக் கேட்காமலே தருகிறீர்கள் என்றோம். தலைக்கு மேல் ரயில் ஒன்று போயிற்று. அது போகும் வரையில் காத்திருந்து அவர் சொன்னார்: “எங்கட ஆக்கள் கேக்க வெக்கப்படுவினம். அதாலை நானே எழுதித் தாறனான்.”

அவர் தொழில் கற்றது யாழ்ப்பாணத்தில். 1990-க்குப் பின் யுத்த காலத்தில் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வரவிடாமல் தடை இருந்தது. அங்கே ஓடியவையெல்லாம் இங்கிலாந்திலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மாரிஸ் மைனரும். அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. சாமான் கிடைக்காது; இருப்பதைத் திருத்தித்தான் ஆகவேண்டும். ஆங்கிலேயர் தம் தேசத்தில் காயலான் கடைக்கு அனுப்பிவிட்ட வண்டிகளைத் தமிழன் அங்கே மண்ணெண்ணெயில் ஓட்டினான். பிறகு அந்த வண்டிகள் பிறந்த தேசத்துக்கே வந்து, ஜப்பான்காரன் செய்த மோட்டாரைத் திருத்திக்கொண்டிருக்கிறான். மாற்றாமல் திருத்துகிற புத்தி அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில் வந்ததுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை.

புதிதாக இங்கே வருகிற நம்மவர்களுக்கு ஒரு சௌகரியத்தை மட்டும் சொல்லிவைக்கிறோம். வண்டியின் நம்பரைக் கொடுத்தால், 2005 முதல் அது எழுதிய எம்.ஓ.டி. பரீட்சைகளின் பலனை அரசாங்கமே இலவசமாகக் காட்டுகிறது. எதில் பெயில், எதில் எச்சரிக்கை, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது மட்டுமல்ல, மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பும் அதைப் படித்துக்கொண்டு போவது நல்லது. நாம் படிக்காமல் போனோம். முந்தின வருஷத்துக் குறிப்பிலேயே ‘முன் பிரேக்குக் கட்டை தேய்ந்து வருகிறது’ என்று எழுதியிருந்தது.

இப்போது மாதம் இரண்டு தடவை அந்த வளைவுக்குப் போகிறோம். வண்டிக்காக அல்ல, அது ஊமையாகிவிட்டது. மின்சார மோட்டார்கள் பெருகிவருவதால் அவற்றைக் கையாள்வதற்கான பாடம் ஒன்றில் அவர் சேர்ந்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கை வேலைக்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புஸ்தகத்தின் ஆங்கிலம்தான் வழி மறிக்கிறது. அதில் தடுமாறினால் பிழை தாளோடு நிற்காது. ஆரஞ்சு நிறக் கம்பிக்குள் நானூறு வோல்ட்டும் சில வண்டிகளில் அதற்கு மேலும் ஓடும். அதைத் துண்டித்துவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் வரையில் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்கலாம். எந்த வாக்கியம் முன், எந்த வாக்கியம் பின் என்பதில் அங்கே உயிர் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த மேஜையில் புஸ்தகத்தை வைத்து ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்கிறோம். ‘டார்க்’ என்ற சொல்லுக்கு முறுக்கு விசை என்றோம். “முறுக்கோ!” என்று சிரித்தார்.

சென்ற வாரம் பாடம் முடிந்து எழுந்தபோது, “மாஸ்டர், இதுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். நமக்குள்ளே என்ன கணக்கு என்று சொல்ல வாயெடுத்தோம். அவர் மேஜை இழுப்பிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நம் முன்னால் வைத்தார்.

“எழுதித் தாங்கோ” என்றார்.